ஏடெம் மினி ப்ரோ: கூடுதல் காசு எதற்குப் போகிறது?

பல கேமராக்களின் படத்தை மாற்றி மாற்றிக் காட்டும் வீடியோ ஸ்விட்சர் பெட்டிதான் ஏடெம் மினி. பிளாக்மேஜிக் நிறுவனத்தின் சாதா ஏடெம் மினி 2019இல் 295 டாலருக்கு வந்தது, மினி ப்ரோ 2020இல் 595 டாலருக்கு. இரண்டிலும் நான்கு எச்டிஎம்ஐ உள்ளீடு, இரண்டு 3.5 மி.மீ. மைக் உள்ளீடு, ஒரு எச்டிஎம்ஐ வெளியீடு. பெட்டியைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் நேரலைக்கு வாங்குகிறீர்கள் என்றால் சாதா மினியை விட்டுவிடுங்கள்.

காரணம் மல்டிவியூ, அதாவது எல்லாப் படங்களையும் ஒரே திரையில் கட்டம் கட்டமாகக் காட்டும் வசதி. பார்வையாளருக்கு இந்த நொடி போய்க்கொண்டிருக்கும் படம் ப்ரோகிராம், அடுத்து போக வேண்டியது ப்ரிவியூ. சாதா மினியின் எச்டிஎம்ஐ வெளியீட்டில் ஒரு நேரத்தில் ஒரு படம்தான் வரும். இரண்டாம் கேமரா ஃபோகஸ் போய் நிற்கிறதா, மூன்றாம் கேமராக்காரர் ட்ரைபாடைத் தூக்கி நகர்த்திக்கொண்டிருக்கிறாரா என்பது மாற்றிப் பார்த்தால்தான் தெரியும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். ப்ரோவில் அதே வெளியீட்டில் நான்கு கேமராவும் ப்ரிவியூவும் ப்ரோகிராமும் ஆடியோ மீட்டரும் ஒரே டிவியில் வந்துவிடும்.

வாங்கியதும் மாற்ற வேண்டிய முதல் அமைப்பு கட் பஸ். பெட்டி வரும்போது இந்த முறையில்தான் இருக்கும். எண் பட்டனைத் தொட்ட மாத்திரத்தில் படம் மாறிவிடும். கணினியில் ஓடும் ஏடெம் மென்பொருளின் அமைப்புகளில் ப்ரோகிராம்/ப்ரிவியூ முறைக்கு மாற்றுங்கள். பிறகு எண்ணை அழுத்தினால் பச்சை விளக்கு மட்டும் எரியும், கட் (உடனே மாற்றும்) அல்லது ஆட்டோ (மெல்ல மாற்றும்) அழுத்தினால்தான் அது சிவப்பாகி வெளியே போகும். தவறான பட்டனில் விரல் பட்டாலும் மானம் போகாது.

திரையின் கீழே வரும் பெயர்ப்பட்டைக்கு, அதாவது லோயர் தேர்டுக்கு, டவுன்ஸ்ட்ரீம் கீயர்: வெளியே போகும் படத்தின் மேல் இன்னொன்றை ஒட்டும் வசதி. 1920×1080 அளவில் பின்னணி இல்லாத பிஎன்ஜி படத்தைப் பெட்டியின் படச் சேமிப்பான மீடியா பூலில் ஏற்றினால் போதும், 20 படங்கள் வரை பிடிக்கும். எழுத்தைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு தெரிந்தால் கீயரில் உள்ள ப்ரீ-மல்டிப்ளைடு அமைப்பை மாற்றிப் பாருங்கள். அந்தப் படங்களை எடுத்துக் காட்டும் மீடியா பிளேயர் ஒன்றே ஒன்றுதான் என்பது பெரிய குறை. பெயர்ப்பட்டை அதில் இருக்கும்போது ஸ்டில் பட்டனை அழுத்தினால் முகப்புப் படம் வராது, அதே பட்டைதான் முழுத்திரையில் வந்து நிற்கும். பச்சைத் திரையை நீக்கவும் படத்துக்குள் படம் வைக்கவும் உதவும் அப்ஸ்ட்ரீம் கீயரும் ஒன்றுதான். பச்சைத் திரைக்கு அதை எடுத்துவிட்டால் மூலையில் சின்னப் படம் வைக்க வழியில்லை.

அதிகம் சொதப்புவது ஒலியில். ஏஎஃப்வி (ஆடியோ ஃபாலோ வீடியோ) என்றால் படம் எந்தக் கேமராவோ ஒலியும் அந்தக் கேமராவிலிருந்து. நான்கு கேமராவின் ஒலியையும் ஆன் செய்து வைத்தால் எதிரொலி கேட்கும். மேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவின் மைக்குக்குச் சத்தம் போய்ச் சேரவே சுமார் 29 மில்லிசெகண்ட் ஆகிறது. மேடை மிக்ஸரிலிருந்து நேராக மைக் உள்ளீட்டுக்குக் கொடுத்தால் வேறு தொல்லை: கேமராவின் படம் சில ஃப்ரேம் தாமதமாக வரும், உதடு அசையும் முன்பே குரல் கேட்கும். ஒருவரைக் கைதட்டச் சொல்லிப் பதிவு செய்து, மென்பொருளின் ஒலிப் பக்கமான ஃபேர்லைட்டில் மைக் டிலேயை, அதாவது ஒலியின் தாமதத்தை, ஃப்ரேம் ஃப்ரேமாகக் கூட்டுங்கள். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட். ஹெட்ஃபோன் துளை இரண்டு மாடலிலும் கிடையாது. இந்த விலைக்கு அது நியாயமே இல்லை. மல்டிவியூ டிவியின் ஹெட்ஃபோன் துளையில்தான் கேட்க வேண்டும்.

எஃப்டிபி (ஃபேட் டு ப்ளாக்) பட்டன் திரையை மெல்லக் கறுப்பாக்கும். அதற்கான ஏஎஃப்வி டிக் இல்லையென்றால் ஒலி மட்டும் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். முடிந்துவிட்டது என்று நினைத்து மேடையில் பேசுவதெல்லாம் ஊருக்கே கேட்கும்.

வீடியோ ஃபார்மேட்டை (படத்தின் அளவும் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதும்) ஆட்டோவில் விடாதீர்கள், முதலில் செருகிய கேமரா எதுவோ அதன் ஃபார்மேட்டைப் பெட்டி பிடித்துக்கொள்ளும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1080பி25 அல்லது 50, ஷட்டர் 1/50. ஷட்டர் 1/60இல் இருந்தால் மண்டப விளக்கில் படம் துடிக்கும்.

பதிவுக்கு யூஎஸ்பி-சியில் எஸ்எஸ்டி, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தது. 70 மெகாபிட் தரத்தில் மணிக்குச் சுமார் 32 ஜிபி ஆகும். சாதாரண பென்டிரைவ் வேகம் போதாமல் நடுவில் ஃப்ரேம்களை விட்டுவிடும். சாதா மினியில் பதிவு வசதியே இல்லை. ஒவ்வொரு கேமராவும் தனித்தனிக் கோப்பாக வேண்டுமென்றால் ப்ரோ ஐஎஸ்ஓ என்ற இன்னொரு மாடல். நான்கு உள்ளீட்டையும் ப்ரோகிராமையும் சேர்த்து ஐந்து கோப்புகள் தரும், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் திறக்கும் ப்ராஜெக்ட்டும் கூடவே வரும். கல்யாணத்தைப் பின்னால் எடிட் செய்து ஆல்பமாகக் கொடுப்பவர்கள் அதையே வாங்கட்டும்.

மின்கம்பியைத் திருகிப் பூட்டலாம், எச்டிஎம்ஐ செருகிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கம்பிகளை மேசைக் காலில் கட்டி வையுங்கள். 15 மீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டுமானால் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிளோ, நீண்ட தூரக் கம்பிக்கான எஸ்டிஐ முறைக்கு மாற்றும் கன்வெர்ட்டரோ இல்லாமல் இறங்காதீர்கள். வேலை செய்யும்போது பெட்டி நன்றாகவே சூடேறும், மேலே துணியோ ஸ்கிரிப்ட் காகிதமோ போட்டு மூட வேண்டாம்.