காராமணி போன வழியெல்லாம்: ஐந்து ஆண்டு வாடிக்கையாளரின் அனுபவம்

நியூயார்க்கின் புரூக்ளினில், பெட்ஃபோர்ட் ஸ்டைவசன்ட் பகுதிக்கு நாங்கள் குடிவந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு தெரு தள்ளி, பன்னிரண்டே மேசைகள் கொண்ட உணவகம் ஒன்று இருக்கிறது. மாதம் இருமுறையாவது அங்கே சாப்பிடுகிறோம். மேற்கு ஆப்பிரிக்கா, கரீபியன் தீவுகள், பிரேசில், அமெரிக்கத் தென்மாநிலங்கள் என நான்கு திசை வீட்டுச் சமையலும் ஒரே பட்டியலில் இருந்ததைப் பார்த்தபோது, எல்லாவற்றையும் சமைக்கப்போய் எதிலும் கைகூடாத கடையாக இருக்குமோ என்ற ஐயமே எனக்கு முதலில் எழுந்தது.

அந்த ஐயத்தைப் போக்கியது அக்கரா. ஊறவைத்துத் தோல் நீக்கிய காராமணியை அரைத்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து, நுரை வரும்வரை அடித்துப் பொரிக்கும் இந்தப் பண்டம் நைஜீரியாவில் காலை உணவு. அடிமைகளாகக் கடத்தப்பட்டவர்களோடு இது பிரேசிலின் பாஹியாவுக்குப் போய் அக்கராஜே ஆயிற்று. அங்கே செம்பனை எண்ணெயில் பொரித்து, நடுவே பிளந்து, இறால் வைத்துக் கொடுப்பார்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அதே காராமணி அரிசியோடும் பன்றிக்கறியோடும் வெந்து, ஹாப்பின் ஜான் என்ற புத்தாண்டு உணவாகிறது. இந்த மூன்றும் இந்தச் சமையலறையில் ஒரே அண்டாவில் ஊறிய பயறிலிருந்து வருகின்றன என்பது புரிந்த பிறகு, பட்டியல் எனக்குக் கதம்பமாகத் தெரியவில்லை. மூன்றில் அக்கராவையே நான் முதலில் வைப்பேன். உளுந்து வடையைவிட மென்மையானது, எண்ணெயும் குறைவாகவே குடிக்கிறது.

ஜனவரி 1 அன்று மட்டும் ஹைதியின் பூசணிச் சூப் கிடைக்கும். 1804இல் அதே நாளில் அந்நாடு விடுதலையை அறிவித்ததன் நினைவாக உண்ணப்படும் அந்தச் சூப் மதியத்துக்குள் தீர்ந்துவிடுவதால், இரண்டு புத்தாண்டுகளில் ஏமாந்து திரும்பினோம்.

குறைகளும் உண்டு. ஜெர்க் கோழியை அடுப்புப் பெட்டியில் சுடுகிறார்கள். காரமும் மசாலாவும் சரியாக இருந்தாலும், ஜமைக்காவில் அதற்கு உயிர் கொடுக்கும் விறகுப் புகையின் மணம் இல்லை. ஜோலோஃப் என்ற மேற்கு ஆப்பிரிக்கத் தக்காளிச் சோறு வார இறுதியில் வறண்டு போகிறது. மாட்டுவால் குழம்பின் விலை 22 டாலரிலிருந்து 31 டாலராக ஏறியிருக்கிறது, எலும்பின் எடையோ குறையவில்லை. சனிக்கிழமை இரவென்றால் நாற்பது நிமிடக் காத்திருப்பு நிச்சயம். சைவர்கள் கீரையைக் கேட்டறிந்தே வாங்க வேண்டும். பெயரில் கீரை என்று மட்டும் இருந்தாலும் அதைப் புகையூட்டிய வான்கோழி இறைச்சியோடுதான் வேகவைக்கிறார்கள்.

மார்டினிக், குவாதலூப் என்ற கரீபியன் தீவுகளின் கொலம்போ என்ற ஆட்டுக்கறி உணவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் மசாலா இது: மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சளோடு வறுத்த அரிசியும் சேரும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இது நம் குழம்பேதான், பெயரும் அதுவேதான் என்று அடித்துச் சொன்னார்; பெயரைப் பற்றி நான் வாதாடவில்லை. அக்கரா பொட்டலத்துக்குள் நமத்துவிடுவதால், வீட்டுக்கு இப்போது கொலம்போ மட்டும்தான் வாங்கி வருகிறோம். மீந்ததை மறுநாள் காலையில் சுண்டவைத்துத் தோசைக்குத் தொட்டுக்கொள்கிறோம்.