நிரலை ஒரே இஎக்ஸ்இ கோப்பாகக் கட்டிக் கொடுப்பது: சில வருட அனுபவம்

நான் எழுதும் சின்னச் சின்ன விண்டோஸ் நிரல்களைச் சில வருடங்களாகத் தானே விரிந்துகொள்ளும் இஎக்ஸ்இ கோப்பாகத்தான் கொடுத்து வருகிறேன், அதாவது எல்லாக் கோப்புகளும் சுருக்கி உள்ளே இருக்கும், திறந்ததும் அவை தானாக விரியும். ஜிப்பாகக் கொடுத்தால், பாதிப் பேர் அதை விரிக்காமல் உள்ளிருந்தபடியே இயக்கிப் பார்த்துவிட்டு, 'டிஎல்எல் இல்லை என்கிறதே' என்று, நிரலுக்குத் துணையாக வரும் கோப்பைப் பற்றிக் கேட்பார்கள். அந்தத் தொல்லை இப்போது இல்லை.

இப்படிக் கட்ட முதலில் பயன்படுத்தியது விண்டோஸிலேயே இருக்கும் ஐஎக்ஸ்பிரஸ் என்ற கருவி. தனியாக எதையும் நிறுவ வேண்டாம், கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். ஆனால் உள்ஃபோல்டர்களை அது அப்படியே காப்பாற்றாது. படங்களும் மொழிக் கோப்புகளும் தனித்தனி ஃபோல்டரில் இருக்கும் நிரலுக்கு ஒத்துவராது. அப்புறம் 7-ஜிப் என்ற சுருக்கும் நிரலுக்கு மாறினேன், இன்றுவரை அதுதான்.

இதில் வேலை எளிது. விரிக்கும் மாட்யூல் (விரிக்கும் வேலையைச் செய்யும் சின்ன நிரல்), கான்ஃபிக் கோப்பு (அமைப்புகள் எழுதிய உரைக் கோப்பு), 7-ஜிப்பில் சுருக்கிய 7இசட் கோப்பு மூன்றையும் இந்த வரிசையிலேயே விண்டோஸ் காப்பி கட்டளையின் பைனரி முறையில் (copy /b) ஒரே கோப்பாக ஒட்ட வேண்டும். விரித்ததும் எதை இயக்க வேண்டும் என்பது கான்ஃபிக்கில் இருக்கும். அதை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். இதற்கான மாட்யூல், 7-ஜிப் தளத்தில் நிரலாளர்களுக்காகத் தரப்படும் எல்இசட்எம்ஏ எஸ்டிகே தொகுப்பில் கிடைக்கும். 7-ஜிப்போடு சாதாரணமாக வரும் மாட்யூல் கோப்புகளை விரிப்பதோடு நின்றுவிடும், எதையும் இயக்காது.

நீண்ட காலப் பயன்பாட்டில் முக்கியமாகத் தெரிந்தது டெம்ப் ஃபோல்டர் (தற்காலிகக் கோப்புகளுக்கான இடம்) விஷயம். எஸ்டிகே மாட்யூல் எல்லாவற்றையும் டெம்ப்பில் விரித்து, நிரலை இயக்கி, அது மூடியதும் அழித்துவிடும். நிறுவிக்கு இது சரி. தினமும் திறக்கும் நிரல் தன் அமைப்புகளைப் பக்கத்திலேயே சேமித்தால், ஒவ்வொரு முறையும் அவை காணாமல் போகும். அமைப்புகளை ஆப்டேட்டாவில் (நிரல்களின் தரவுக்காக விண்டோஸ் வைத்திருக்கும் ஃபோல்டர்) எழுதும்படி நிரலை மாற்றுவதுதான் தீர்வு. இன்னொன்று: முதலில் இயங்கும் நிரல் வேறொன்றைத் தொடங்கிவிட்டு உடனே மூடினால், இரண்டாவது வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதன் கோப்புகள் அழிக்கப்படலாம். கடைசிவரை காத்திருக்கும் நிரலையே முதலில் இயக்க வேண்டும். பைத்தான் நிரல்களை இஎக்ஸ்இ ஆக்கும் பைஇன்ஸ்டாலர் கருவியின் ஒன்ஃபைல் (எல்லாம் ஒரே கோப்பில்) முறையும் இதே மாதிரிதான், திறக்கும்போதெல்லாம் டெம்ப்பில் விரிகிறது. பெரிய நிரலென்றால் அந்தத் தாமதம் நன்றாகவே தெரியும். அடிக்கடி திறப்பதற்கு, எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் விரித்தபடியே வைக்கும் ஒன்டிர் முறையைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

ஆன்டிவைரஸ் எச்சரிக்கை இந்த முறையின் பெரிய தலைவலி. கூடவே இஎக்ஸ்இ கோப்புகளைச் சுருக்கும் யுபிஎக்ஸ் கருவி கொண்டு சுருக்கினால் சந்தேகம் கூடும். 7இசட்டே நன்றாகச் சுருக்கிவிடுவதால் அதற்குத் தேவையே இல்லை. வெளியிட்டவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இடுவதானால், மூன்றையும் ஒட்டி முடித்த பிறகே இட வேண்டும். இட்டபின் எதையாவது ஒட்டினால் கையொப்பம் செல்லாது.

இயக்கத் தயங்குபவர்களிடம் கோப்பை 7-ஜிப்பில் திறந்து பார்க்கச் சொல்கிறேன். இயக்காமலேயே உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்துவிடும்.