மெழுகுதிரிப் பழகுபொதி: கச்சான் காற்றுக்குத் தாங்குமா?

திருகோணமலை நகரில் கைவினைப் பொருட்கள் விற்கும் கடையொன்றில், வீட்டிலேயே மெழுகுதிரி செய்யப் பழகுபவர்களுக்கென ஒரு பொதி கிடைக்கிறது. பெட்டியினுள் 500 கிராம் சோயா மெழுகுச் சீவல்கள், அடியில் தகட்டுடன் கூடிய பருத்தித் திரிகள், மூடியுள்ள நான்கு தகரப் பேணிகள், வாய் வைத்த அலுமினியக் குவளை, ஒரு வெப்பமானி, 10 மில்லிலீற்றர் வாசனை எண்ணெய்ப் போத்தல்கள் இரண்டு ஆகியவை இருக்கின்றன. விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், இவற்றைத் தனித்தனியாகத் தேடி அலையும் வேலை மிச்சம் என்பதால் அதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன்.

முதலில் எரிச்சலூட்டுவது செய்முறைத் தாள். மெழுகை 185 பாகை பரனைற்றுக்குச் சூடாக்கி, 135 பாகையில் ஊற்றுமாறு அது சொல்கிறது. கூடவே தரப்பட்டுள்ள வெப்பமானியோ செல்சியஸ் மட்டுமே காட்டுகிறது. முறையே 85, 57 பாகை செல்சியஸ் என்று தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை, குவளையை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது என்பதை, கடைசி வரியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பது பொறுப்பற்ற செயல். கொதிநீர்ச் சட்டிக்குள் குவளையை இறக்கி உருக்கினால் மெழுகின் சூடு 100 பாகையைத் தாண்டாது. நேரடி நெருப்பிலோ அது ஏறிக்கொண்டே போய்த் தீப்பற்றக்கூடும். அப்படிப் பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடி அணைக்க வேண்டும் என்பது தாளில் எங்குமே இல்லை.

குவளையைப் பாராட்டத்தான் வேண்டும். கைபிடி சூடேறவில்லை, வாய் நன்றாக வளைந்திருப்பதால் மெழுகு ஒரு சொட்டும் சிந்தாமல் பேணிக்குள் இறங்குகிறது.

பொதியின் உண்மையான பலவீனம் திரியில் இருக்கிறது. மெழுகுதிரியில் எரிவது மெழுகுதான். சுடர் உருக்கிய மெழுகைத் திரி உறிஞ்சி மேலே கொண்டுபோய் ஆவியாக்கிக் கொடுக்கிறது. ஆகவே திரியின் தடிப்பு பேணியின் அகலத்துக்குப் பொருந்தாவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. இப்பொதியின் பேணிகள் ஏறத்தாழ ஆறரை சென்ரிமீற்றர் அகலமானவை. திரிகளோ ஒடுங்கிய குவளைக்கு ஏற்ற மெல்லியவை. ஏற்றி இரண்டரை மணித்தியாலத்துக்கு மேலாகியும் உருகிய மெழுகு விளிம்பைத் தொடவில்லை. நடுவில் மட்டும் குழி விழுந்து, சுற்றிவர ஒரு விரற்கடை தடிப்பில் வெள்ளைச் சுவர் அப்படியே நின்றது. பிறகு அந்தக் குழிக்குள் தேங்கிய மெழுகில் திரி மூழ்கி, சுடர் சுருங்கி அணைந்துவிட்டது. மின்விசிறிக் காற்றும் சன்னல் காற்றும் படாத இடத்தில் வைத்துப் பார்த்தும் இதே கதைதான். கடையில் தனியாக விற்கும் ஓரளவு தடித்த பின்னல் திரியை அதே பேணியில், அதே மெழுகில் இட்டபோது, உருகிய வட்டம் விளிம்பு வரை சீராகப் பரவியது. திரியை அரைச் சென்ரிமீற்றர் அளவுக்கு நறுக்கி ஏற்றியதில் புகைக்கரியும் படியவில்லை.

அடுத்தது மெழுகு. பேணிகளில் வார்ப்பதற்கான சோயா மெழுகு பெரும்பாலும் 50 பாகையை ஒட்டிய சூட்டிலேயே உருகக்கூடியது. அதற்குக் கீழேயே இளகத் தொடங்கிவிடும். மேற்கிலிருந்து வறண்ட வெப்பக் காற்றாகிய கச்சான் வீசும் மாதங்களில் எமது ஊரின் பகற்பொழுது எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அக்காலத்தில் தகரக்கூரை வீட்டின் மேற்கு அறையிலோ பூட்டிய காரிலோ இந்த மெழுகுதிரியை வைத்தால் மேற்பரப்பு பிசுபிசுத்து, வாசனை எண்ணெய் முத்து முத்தாக வெளியே கசியும். இதற்குப் பதிலாக, பெற்றோலியத்திலிருந்து பெறப்படும் பரஃபின் மெழுகோடு பத்தில் ஒரு பங்கு ஸ்ரியரிக் அமிலம் கலந்தால் மெழுகுதிரி இறுகி நிற்கும். ஆனால் பரஃபின் ஆறும்போது சுருங்கி நடுவில் பள்ளம் விழும் என்பதால், கொஞ்சம் மெழுகை மீதம் வைத்திருந்து இரண்டாம் முறை ஊற்ற வேண்டியிருக்கும். அந்த ஒரு வேலையைத் தவிர, எமது வெயிலுக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

வாசனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெழுகின் எடையில் நூற்றுக்கு ஆறு அளவில் எண்ணெய் சேர்க்குமாறு தாளே கூறுகிறது. 500 கிராமுக்கு 30 கிராம் வேண்டும். இரண்டு போத்தல்களையும் கவிழ்த்தாலும் 20 மில்லிலீற்றர்தான் வருகிறது. மல்லிகை என்று எழுதியிருப்பது சவர்க்காரம் போல மணக்கிறது. எலுமிச்சைப் புல் பரவாயில்லை. எதுவானாலும் வார்த்த அன்றே ஏற்றாமல் ஒன்றிரண்டு கிழமை மூடி வைத்தால் மணம் கூடுகிறது.

வாங்குபவர் எதற்காக வாங்குகிறார் என்பதைப் பொறுத்தே என் பரிந்துரை அமையும். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலத்தை நினைத்து, வெளிச்சத்துக்காகச் செய்ய எண்ணுபவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. பலசரக்குக் கடையின் வெள்ளைத் திரிப் பெட்டியே மலிவு. கத்தோலிக்கர் இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் 2ஆம் திகதி கல்லறைகளில் ஏற்ற நெடுந்திரி வார்க்க விரும்புபவர்களுக்கும் இது உதவாது, ஏனெனில் இந்த மெழுகு பேணியை விட்டு வெளியே தனியாக நிற்காது. பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளுடன் சேர்ந்து, பெரியவர் ஒருவர் அடுப்பருகில் நிற்க, தொழிலின் அரிச்சுவடியைப் பழக விரும்பும் வீட்டாருக்கு மட்டும் தயங்காமல் சொல்வேன். பொதியோடு தடித்த திரி ஒரு கட்டும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருக்கிறார், கேட்டால்தான் எடுத்துக் காட்டுகிறார்.