செட்டிநாட்டு வீட்டுக்கு எந்த ஏசி? ஸ்டாரைப் பார்க்குமுன் பூட்டைப் பாருங்கள்

ஏசி கடையில் முதலில் வரும் கேள்வி, "அறை எத்தனைக்கு எத்தனை?" என்பதுதான். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்தில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: வீடு ஆண்டில் எத்தனை நாள் திறந்திருக்கும்? அப்பச்சியும் ஆத்தாவும் ஆண்டு முழுவதும் குடியிருக்கும் வீடா, அல்லது படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) சாந்திக்கும் (அறுபதாம் கல்யாணம்) கல்யாணத்துக்கும் திறந்து, புள்ளிகள் (பங்காளிக் குடும்பங்கள்) எல்லாம் வந்துபோனதும் பூட்டிவிடும் வீடா? இந்தப் பதிலைப் பொறுத்து 5 ஸ்டார் லாபமா நஷ்டமா, வை-ஃபை வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் தலைகீழாகிவிடும். கடைக்காரருக்கு இது தெரியாமல் இல்லை. கேட்டுவிட்டால் விலை குறைந்த பெட்டியைக் காட்ட வேண்டி வரும், அவ்வளவுதான்.

3 ஸ்டாரும் 5 ஸ்டாரும்

ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். மத்திய அரசின் ஆற்றல் திறன் பணியகம் அதை 1600 மணி நேர ஓட்டத்துக்குக் கணக்கிட்டுத் தருகிறது. இரவுக்கு 8 மணி நேரம் வீதம் 200 இரவுகள் என்று வைத்துக்கொள்ளலாம். 2025 வரை விற்ற 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசிகளில், 5 ஸ்டாருக்கு அந்த எண் சுமார் 750. 3 ஸ்டாருக்குச் சுமார் 1000. வித்தியாசம் 250 யூனிட். விலை வித்தியாசம் கடைக்குக் கடை மாறும். எட்டாயிரம் ரூபாய் என்று கொள்வோம்.

பெரியவர்கள் குடியிருக்கும் வீட்டை முதலில் பார்ப்போம். இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். 2024 ஜூலைக் கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். அதே கட்டணப்படி, 500 யூனிட்டைத் தாண்டியதும் மேற்கொண்டு ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய்க்கு மேல்; 1000த்தைத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். போதாக்குறைக்கு, 500க்குள் இருப்பவர்களுக்கு 101 முதல் 200 யூனிட் வரை கிடைக்கும் சலுகையும் போய்விடும். ஏசி இல்லாமல் 250 யூனிட் ஓடும் வீட்டில், சித்திரை, வைகாசியில் 60 இரவுகள் ஏசி ஓடினால் 5 ஸ்டார் 225 யூனிட்டைச் சேர்க்கும், மொத்தம் 475. 3 ஸ்டார் 300 யூனிட்டைச் சேர்க்கும், மொத்தம் 550. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. லேபிள் கணக்கு ஆண்டுச் சராசரி என்பதால், அக்னி நட்சத்திரத்தில் இரண்டுமே கூடத்தான் செய்யும். ஏற்கெனவே 500க்கு மேல் ஓடும் வீடென்றால் ஆண்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் மிச்சம். எட்டாயிரம் நான்கு ஆண்டில் திரும்பிவிடும். அதற்குக் கீழே ஓடும் வீட்டில் இன்னும் சில ஆண்டுகள் ஆகும். எப்படிப் பார்த்தாலும் இங்கே 5 ஸ்டார்தான்.

பூட்டியிருக்கும் வீட்டில் கதை வேறு. ஆண்டில் 20 நாள், நாளுக்கு 10 மணி நேரம் என்றால் மொத்தம் 200 மணி நேரம். 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் வித்தியாசம் வெறும் 31 யூனிட். பூட்டிய வீட்டு மீட்டர் 500ஐத் தொடுவதே அபூர்வம். ஆகவே அந்த 31 யூனிட்டும் குறைந்த கட்டணத்திலேயே அடங்கிவிடும். கல்யாண வீட்டில் ஒரு பந்திக்கு வாங்கும் வெற்றிலைக்குக்கூட அந்தப் பணம் காணாது. எட்டாயிரம் திரும்பி வருவதற்குள் ஏசி துருப்பிடித்துவிடும். 3 ஸ்டார் வாங்கி, மிச்சத்தை வயரிங்கில் போடுங்கள்.

ஸ்டார் பட்டியல் 2026 ஜனவரியில் இறுக்கப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கு முன் 5 ஸ்டார் ஒட்டியிருந்த பல ஏசிகள் இப்போது 4 ஸ்டார். "பழைய 5 ஸ்டார், தள்ளுபடியில் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், பக்கத்தில் இருக்கும் புதிய 4 ஸ்டாரின் லேபிளைப் பாருங்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி என்று காட்டும் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் மின்செலவும் ஒன்றுதான். எண்ணுக்குத்தான் காசு கொடுக்க வேண்டும், நட்சத்திரத்துக்கு அல்ல.

இன்வெர்ட்டரா, பழைய பாணியா

பழைய பாணி ஏசியில் கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் அது கிளம்பும் ஒவ்வொரு முறையும் விளக்கெல்லாம் ஒருகணம் மங்கி எழும். இன்வெர்ட்டர் மெதுவாகக் கிளம்பி, அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரச் சிக்கனத்தை விடுங்கள். பழைய வயரிங் உள்ள வீட்டுக்கு இந்த மென்மையே பெரிய விஷயம்.

ஆனால் இன்வெர்ட்டரின் உயிர் அதன் எலெக்ட்ரானிக் போர்டில் இருக்கிறது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் அவுட்டோர் யூனிட்டுக்குள் பல்லி குடியேறும். மெயினைப் போட்ட அன்று போர்டு கருகும். மெக்கானிக் பெட்டியைத் திறந்து, காய்ந்துபோன பல்லியை ஸ்குரூடிரைவர் நுனியால் தள்ளிக் காட்டி, "அண்ணே, போர்டு மாற்ற வேண்டும்" என்பார். பல ஆயிரம் ரூபாய் போகும். பழைய பாணியில் பெரும்பாலும் கெடுவது கெபாசிட்டர். சில நூறு ரூபாயில், உள்ளூர் ஆளே மாற்றிவிடுவார். இருந்தும் என் ஓட்டு இன்வெர்ட்டருக்குத்தான். ஊருக்கு வந்ததும் மெயினைப் போடுவதற்கு முன்னால் அவுட்டோரைத் திறந்து பார்க்க ஓர் ஆளை வரச் சொன்னால் இந்தச் செலவைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

"ஸ்டெபிலைசர் தேவையில்லை" என்று பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். எந்த வோல்டேஜிலிருந்து எது வரை என்று கையேட்டில் அச்சிட்டிருப்பார்கள். அந்த வரம்புக்குள்தான் அந்த உறுதிமொழி. மாலையில் டியூப் லைட் எரியத் திணறும் தெருவென்றால் ஸ்டெபிலைசர் வாங்கத்தான் வேண்டும்.

உயரமான மச்சும் இரண்டடிச் சுவரும்

மச்சு, அதாவது அறையின் மேல்தளம், உயரம் பதினைந்தடி என்று சொன்னதும் கடையில் 2 டன்னைக் காட்டுவார்கள். 12க்கு 12 அறையில் பத்தடி உயரத்துக்கு 1440 கன அடிக் காற்று, பதினைந்தடிக்கு 2160 கன அடி. ஒன்றரை மடங்கு காற்றுக்கு ஒன்றரை மடங்கு டன் என்பது அவர்கள் கணக்கு. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் 2160 கன அடிக் காற்றின் எடையே சுமார் 70 கிலோதான். 1 டன் ஏசி நொடிக்கு 3.5 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்றுகிறது. அந்தக் காற்றை மட்டும் பத்து டிகிரி குறைக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஏசியைத் திணறடிப்பது காற்றல்ல, சுவரும் சந்துகளும்.

சித்திரையில் திறந்த வீட்டில் முதல் இரவு ஏசியைப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ரிமோட் 24 என்று காட்டும், காற்றும் சில்லென்று வரும், சுவர் மட்டும் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த இரண்டடிச் சுவர் மாதக்கணக்கில் சேர்த்த வெப்பத்தை ஓர் இரவில் விட்டுவிடாது. ஏசியை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் புழுக்கம் திரும்பிவிடும். இரண்டு மூன்று இரவு ஓடியபிறகுதான் அறை வழிக்கு வரும். அதற்குள் ஊர் திரும்பும் நாள் வந்துவிடும். தினமும் ஓடும் வீட்டில் இதே சுவர் நம் பக்கம் சேர்ந்துகொள்கிறது: ஒருமுறை குளிர்ந்துவிட்டால் எளிதில் சூடேறாது, இன்வெர்ட்டரும் குறைந்த வேகத்திலேயே ஓடும். வந்துபோகும் வீட்டில் ஏசி ஏமாற்றுகிறது என்று பலர் அலுத்துக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இந்தச் சுவர்.

மீதிப் பாதி சந்துகள். நிலைக்கும் கதவுக்கும் நடுவே விரல் நுழையும், மேலே காற்றுத் துளைகள் திறந்தபடி இருக்கும், ஓட்டுச் சரிவில் வானம் தெரியும். அரை டன் கூடுதலாக வாங்குவதற்கு முன் இவற்றை அடையுங்கள்.

அதைவிட முக்கியம், அறையை மாற்றிப் பார்ப்பது. முகப்பிலும் மாடி ஹாலிலும் ஏசி மாட்டுவது ஊர் பார்ப்பதற்கு. வளவை (உள்முற்றத்தை)ச் சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் என்று ஒதுக்கிய இரட்டை வீடுகள் என்ற அறைகள் இருக்கின்றனவே, அவைதான் ஏசிக்கு ஏற்றவை. சின்ன அறை, சன்னல் குறைவு, பெரும்பாலான சுவர்களில் வெயில் விழாது. அதற்கு 1 டன் தாராளம். புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீட்டின் மேல்மாடிக்கு 1.5 டன் வேண்டும். தளத்தின் மேல் வெள்ளை ஓடு பதித்தோ வெப்பம் தடுக்கும் பெயின்ட் அடித்தோ முடித்தபிறகு.

ஸ்மார்ட் ஏசி: யாருக்கு?

வை-ஃபை உள்ளேயே அமைந்த ஏசி, சாதாரண ஏசியோடு ரிமோட் சிக்னல் அனுப்பும் சின்ன ஸ்மார்ட் கருவி, வெறும் டைமர். தெரிவுகள் இந்த மூன்றும்தான். இரண்டடிச் சுவர் இங்கேயும் குறுக்கே நிற்கிறது. முகப்பில் வைத்த ரூட்டரின் சிக்னல் இரண்டாங்கட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இளைத்துவிடும். ஏசிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணைகின்றன. வாங்குவதற்கு முன் அந்த அறையில் நின்று போனில் சிக்னலைப் பாருங்கள்.

பெற்றோர் ஊரில், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் வை-ஃபை ஏசி கொடுக்கிற காசுக்கு மோசமில்லை. எத்தனை யூனிட் ஓடியது என்று பார்க்கலாம். இரவு இரண்டு மணிக்கு 24ஐ 27 ஆக்கலாம். (ஆத்தா எழுந்து மறுபடி 24 ஆக்குவார். அந்தச் சண்டைக்கு எந்தச் செயலியிலும் தீர்வு இல்லை.) ஸ்மார்ட் கருவி மலிவு, ஆனால் பல கருவிகள் கட்டளையை அனுப்புமே தவிர, ஏசி உண்மையில் ஓடுகிறதா என்று திருப்பிச் சொல்லாது. ஓடும் இன்வெர்ட்டர் ஏசியை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டி மின்சாரத்தை வெட்டி நிறுத்துவது மட்டும் வேண்டாம். யூனிட் அளக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டிய வீட்டுக்குச் சொல்லப்படும் ஆசை வார்த்தை இது: சென்னையிலிருந்து வரும் பல்லவன் ரயில் திருச்சியைத் தாண்டும்போதே போனிலிருந்து ஏசியைப் போடலாம், காரைக்குடியில் இறங்கி வீட்டுக்குப் போனால் அறை ஜில்லென்று இருக்கும். நல்ல காட்சிதான். அதற்காக, ஆள் இல்லாத பழைய வீட்டில் ஆண்டு முழுவதும் மெயினைப் போட்டு வைக்க வேண்டும், இன்டர்நெட்டுக்கும் பணம் கட்ட வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு மதியமே ஒரு போன் போட்டால் போதும். சன்னலைத் திறந்து சூட்டை வெளியேற்றி, அப்புறம் மூடி ஏசியைப் போட அவருக்குத் தெரியும், செயலிக்குத் தெரியாது.

ஸ்மார்ட்டைவிட மலிவான சிக்கனம் ஒன்று உண்டு. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் பெறும் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. அதிலிருந்து ஒவ்வொரு டிகிரி ஏற்றினாலும் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது ஆற்றல் திறன் பணியகம். 27இல் வைத்து மின்விசிறியைச் சுழலவிடுங்கள். சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்ற சிக்கன மோட்டார் உள்ள விசிறி 30 வாட்டுக்குப் பக்கம்.

ஏர் கூலர்

காரைக்குடியின் சித்திரை மதியம் வறண்டது. அந்த நேரத்தில் கூலர் நன்றாகவே வேலை செய்யும். 200 வாட்டுக்குள் முடிந்துவிடும், 1.5 டன் ஏசி முழு வேகத்தில் இழுப்பதோ 1500 வாட்டை ஒட்டி. சன்னல் திறந்திருக்க வேண்டும், வளவைப் பார்த்த அறையானால் இன்னும் நல்லது. மூடிய அறையில் வைத்தால் ஈரப் புழுக்கம்தான் மிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் பயனில்லை. தொட்டித் தண்ணீரை மாற்றாமல் விட்டால் கொசு பெருகும். மதியத் தூக்கத்துக்குக் கூலர், இரவுக்கு ஏசி என்று பிரித்துக்கொள்ளும் வீடுகள் கெட்டிக்கார வீடுகள்.

மாட்டும்போது

விண்டோ ஏசியைப் பற்றி இங்கே பேச்சில்லை. தேக்குச் சன்னலை அறுக்க யாருக்கு மனம் வரும்? ஸ்பிளிட்டில் அவுட்டோரை எங்கே வைப்பது என்பதுதான் தலைவலி. வளவுக்குள் வைத்தால் சூடான காற்றெல்லாம் முற்றத்தில் சுழலும், சத்தமும் உண்டு. பின்கட்டுக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டுபோகலாம். ஏசியோடு வரும் செம்புக் குழாய் பெரும்பாலும் மூன்று மீட்டர், அதற்கு மேல் தனிக் காசு. குழாய் நீண்டால் கேஸும் கூடுதலாக ஏற்ற வேண்டும், குளிர்ச்சியும் கொஞ்சம் குறையும். அந்தச் செலவைக் கேட்டுக்கொண்டு விலையை ஒப்பிடுங்கள்.

பலகைப் பட்டைக்குள் ஓடும் பழைய வயரில் ஏசியைக் கொடுக்கவே கூடாது. மீட்டர் போர்டிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி. (மின்சாரம் மிஞ்சினால் தானே வெட்டும் சுவிட்ச்), சரியான எர்த் வேண்டும். சுவரில் துளை போடச் சுத்தியலும் உளியும் வேண்டாம். அடிக்கிற அடியில் முட்டைப் பூச்சு (முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு) பாளம் பாளமாக விழும். சுழன்று அறுக்கும் கோர் கட்டர் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். குழாயை நுழைத்தபிறகு துளையைச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள்; சிமென்டால் அடைத்தால் அதைச் சுற்றியுள்ள பூச்சு சில மழைக்காலங்களில் உரிந்துவிடும்.