வானத்தில் கிரெயின் வேண்டும்

பிலிம் ரோல் வாங்கிக் கழுவுவிப்பது எனக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ட்ரை-எக்ஸ், எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை பிலிம்களில் எடுத்த படங்களின் அந்தச் சொரசொரப்பு, அதாவது கிரெயின், மட்டும் வேண்டும். டிஜிட்டலில் அதற்கு இரண்டு வழி: கமராவிலேயே ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை)க் கூட்டி எடுப்பது, அல்லது ரோவில் (கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பில்) சுத்தமாக எடுத்து, லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் கிரெயின் போடுவது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, இப்போது இரண்டாவதன் பக்கம் நிற்கிறேன்.

ஐஎஸ்ஓ வழியில் மினக்கெடத் தேவையில்லை. கறுப்பு வெள்ளையாக்கியதும் நிறப் புள்ளிகள் தெரியாமல் போய்விடும். இரவில் கடைத்தெருவில் எடுக்க இதுவே போதும்.

சிக்கல் பகல் வெளிச்சத்தில்தான். விடியக்காலை திருகோணமலை டச்பே கடற்கரையில், கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளம் ஒன்றை ஐஎஸ்ஓ 6400இல் எடுத்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால், வள்ளத்தின் அடி நிழல் முழுக்கப் புள்ளி கொதிக்கிறது; மேலே வானமோ பீங்கான் கோப்பை மாதிரி வழுவழு. பிலிமில் இது தலைகீழ். அச்சில் அடர்கறுப்பிலும் வெள்ளையிலும் கிரெயின் அவ்வளவாகத் தெரியாது. நடுச்சாம்பலில்தான் அது துள்ளும். டிஜிட்டல் கமராவின் சென்சரிலோ வெளிச்சம் குறைந்த இடத்தில்தான் இரைச்சல், அதாவது இந்தப் புள்ளிகள், மேலே வரும். எங்கள் ஊர்ப் படத்தில் பாதி வானம், மீதியில் பாதி கடல். இரண்டும் சாம்பல். அங்கே கிரெயின் இல்லாவிட்டால் எவ்வளவு கொன்ட்ராஸ்ட் ஏற்றினாலும் பிலிம் சாயல் வராது.

இப்போது ஐஎஸ்ஓ 400இல், வானம் வெளுத்துப்போகாமல் எடுக்கிறேன். பிறகு லைட்ரூமில் கிரெயினின் அளவு 40, பருமன் 30, கரடு 60 என்று தொடங்குகிறேன். நீலத்தை மட்டும் இறக்கினால் சிவப்பு பில்டர் போட்டதுபோல வானம் கறுக்கும். அளவுக்கு மீறினால் திட்டுத் திட்டாகக் கிழியும். இன்னொன்று: அச்சுக்குப் போட்ட கிரெயின், கைபேசிக்குச் சிறிதாக்கும்போது கரைந்துபோகும். மிஞ்சியதையும் வாட்ஸ்அப் கூழாக்கிவிடும். அதனால் இரண்டுக்கும் தனித்தனிப் பிரதி வைத்துக்கொள்கிறேன். கூடுதல் வேலைதான், ஆனால் மனம் மாறினால் திருத்தலாம்.

சரி, புஜிபிலிம் கமராக்களில் இருக்கும், கறுப்பு வெள்ளை பிலிம் சாயல் தரும் அக்ரோஸ் அமைப்பு? 2016இல் எக்ஸ்-ப்ரோ2 கமராவோடு வந்தது. வெளிச்சம், நிழல் பார்த்து கமராவே கிரெயின் போடும். ஐஎஸ்ஓ கூடக் கூட அதுவும் தடிக்கும். நண்பரின் கமராவில் ஒரு பின்னேரம் மட்டும், பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்களை எடுத்துப் பார்த்தேன். வானம் நன்றாகவே வந்தது. ஆனால் ஜேபெக்கில் பதிந்த கிரெயினைப் பிறகு எடுக்க வழியில்லை, ரோவையும் சேர்த்து வைத்திருந்தால் தவிர. ஒரு பின்னேர அனுபவத்தை வைத்து அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அந்த 6400 வள்ளத்தை இன்னும் அழிக்கவில்லை. வானத்தை வெட்டிவிட்டு நிழலையும் மணலையும் மட்டும் வைத்துப் பார்த்தேன். அது நல்ல படம்தான்.