குளிர்காலத்தில் டிஸ்னி வேர்ல்ட்: எந்த ஹோட்டலில் தங்கினால் காசு வீண்போகாது?

அமெரிக்காவில் ஆர்லாண்டோவுக்கு அருகே உள்ள டிஸ்னி வேர்ல்ட், மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என நான்கு பூங்காக்கள் கொண்ட வளாகம். அதற்குள் டிஸ்னியே நடத்தும் ஹோட்டல்கள் இருபதுக்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலான குடும்பங்கள் நீச்சல் குளத்தின் படத்தையும் அறைச் சுவரில் வரைந்திருக்கும் கார்ட்டூன் பாத்திரங்களையும் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. கோடைக்கு அது பொருந்தலாம். டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போகிறவர்கள் வேறு கணக்குப் போட வேண்டும். டிசம்பரில் மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடுகிறது. குளத்தில் இறங்கத் தோன்றும் நேரம் குறைவு. அதனால் காலையில் பூங்கா வாசலுக்கு எதில் போகிறோம், இரவில் தூங்கி விழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதில் திரும்புகிறோம் என்பதைத்தான் இங்கே முதல் அளவுகோலாக வைத்திருக்கிறோம்.

அறை வாடகையைத் தீர்மானிப்பதில் ஹோட்டலைவிடத் தேதிக்குப் பங்கு அதிகம். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம் ஆண்டின் உச்சம். ஜனவரி நடுவில் ஒரு வாரநாளில் கேட்கும் வாடகையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அப்போது அதே அறைக்குக் கேட்பார்கள். நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்ததும் வரும் டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில் அலங்காரம் முழுதாக இருக்கும், கூட்டமும் சமாளிக்கும் அளவில் இருக்கும். ஜனவரித் தொடக்கத்தில் மாரத்தான் வாரயிறுதி வருகிறது. அந்த நாள்களில் விடியலில் சாலைகளை மூடுவதால் பஸ்கள் தாமதமாகும். ஜனவரி மூன்றாம் திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நாள், பிப்ரவரி மூன்றாம் திங்கள் பிரெசிடென்ட்ஸ் டே. இரண்டுமே நீண்ட வாரயிறுதிகள் என்பதால் வாடகை ஏறும். இவற்றுக்கு நடுவே ஜனவரிக் கடைசியும் பிப்ரவரி முதல் வாரமும்தான் எங்கள் தேர்வு. அப்போது எப்காட்டில் கலைத் திருவிழாவும் நடக்கும். ஒரு குறை உண்டு. கூட்டம் குறைந்த வாரங்களில்தான் சவாரிகளைப் பராமரிப்புக்காக மூடுவார்கள், நனைக்கும் சவாரிகளை முதலில். பிள்ளைகள் ஆசைப்படும் சவாரி அந்தத் தேதியில் ஓடுகிறதா என்று டிஸ்னியின் நாட்காட்டியில் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.

டிசம்பரில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மேஜிக் கிங்டமில் பல இரவுகளில் தனி டிக்கெட்டுடன் மிக்கியின் கிறிஸ்துமஸ் பார்ட்டி நடக்கும். அன்று சாதாரண டிக்கெட்காரர்களை மாலை 6 மணிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். வாணவேடிக்கையைப் பார்க்கலாம் என்று போய் ஏமாறுவது இங்கேதான். ஆனால் அதே காரணத்தால் பார்ட்டி நாளின் பகலில் மேஜிக் கிங்டமில் கூட்டம் குறைவாக இருக்கும். பகலை அங்கே கழித்துவிட்டு இரவு எப்காட்டுக்குப் போக நினைத்தால், ஒரே நாளில் பூங்கா மாற விடும் பார்க் ஹாப்பர் டிக்கெட் வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து எந்த நேரத்திலும் பூங்கா மாறலாம்.

குளிர் எப்படி இருக்கும்? ஜனவரியில் சராசரியாகப் பகலில் 22 டிகிரி செல்சியஸ், விடியலில் 10 டிகிரி. சராசரியை மட்டும் நம்பிப் பெட்டி கட்டினால் சிரமம்தான். வடக்கிலிருந்து குளிர்க்காற்று இறங்கும் நாளில் விடியல் உறைநிலையை நெருங்கும். அடுத்த சில நாளிலேயே 27 டிகிரி வெயிலும் அடிக்கும். ஒரே கனமான கோட்டைவிட, கழற்றிப் பைக்குள் வைக்கக்கூடிய இரண்டு மூன்று மெல்லிய உடைகள் மேல். டிஸ்னி ஹோட்டல்களின் குளங்கள் சூடேற்றப்படுபவை, தண்ணீர் பிரச்சினையில்லை. வெளியே வந்து துண்டை எடுக்கும் அந்த ஒரு நிமிடம்தான் பிரச்சினை. தண்ணீர்ப் பூங்காக்கள் இரண்டில் குளிர்காலத்தில் பெரும்பாலும் ஒன்றுதான் திறந்திருக்கும், அதையும் கடுங்குளிர் நாளில் மூடிவிடுவார்கள். தண்ணீர்ப் பூங்காவை நம்பி ஒரு நாளை ஒதுக்காதீர்கள்.

விலை குறைந்த வகையில் எங்கள் வாக்கு பாப் செஞ்சுரி ஹோட்டலுக்கு. அறை சுமார் 260 சதுர அடிதான். இருவர் படுக்கும் ஒரு குயீன் கட்டில், சுவரிலிருந்து இறக்கினால் இரண்டாவது கட்டிலாக மாறும் மேசை. நான்கு பேர் தங்கலாம், ஆனால் இரண்டாம் கட்டிலை இறக்கியதும் மேசை கிடையாது. பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளப் பழகிக்கொள்ள வேண்டும். இந்தச் சிறிய அறையைப் பொறுத்துக்கொள்ள வைப்பது ஸ்கைலைனர். 2019 செப்டம்பரில் தொடங்கிய இந்தக் கேபிள் கார், பாப் செஞ்சுரியிலிருந்து கரீபியன் பீச் ஹோட்டலில் உள்ள மையத்துக்குப் போகும். அங்கே மாறி ஏறினால் ஒரு பாதை ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் மற்றொன்று எப்காட்டின் பின்வாசலுக்கும் செல்லும். பஸ் வரும் வரை காத்திருக்கும் தொல்லை இல்லை, பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும். சக்கர நாற்காலிக்காரர்கள் நின்ற பெட்டியில் ஏறத் தனிப் பாதை உண்டு.

ஸ்கைலைனருக்குக் குளிர்காலம் உகந்த காலம். மின்னல் வந்தால் அதை நிறுத்திவிடுவார்கள், ஃப்ளோரிடாவில் இடிமழை மிகுந்தது கோடைதான். பெட்டிகளில் ஏசி கிடையாது என்ற புகாரும் இப்போது எழாது. பலத்த காற்று வீசும் நாளில் நிற்கும், அப்போது பஸ் விடுவார்கள். காலையில் பூங்கா திறக்கும் நேரத்தை ஒட்டிப் போனால் மையத்தில் வரிசை நீளும், அரை மணி முன்னதாகவே கிளம்புங்கள். மேஜிக் கிங்டமுக்கும் அனிமல் கிங்டமுக்கும் ஸ்கைலைனர் இல்லை, பஸ்தான்.

பக்கத்திலேயே ஏரிக்கு மறுகரையில் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஹோட்டல். ஸ்கைலைனர் நிலையம் இரண்டுக்கும் பொது. இங்கே பேர்பெற்றவை ஆறு பேர் தங்கும் குடும்ப அறைகள்: சுமார் 565 சதுர அடி, இரண்டு குளியலறை, மைக்ரோவேவ். தாத்தா பாட்டியுடன் போகிறவர்களுக்கு வசதிதான். ஆனாலும் முன்பதிவு செய்யும் முன், அதே தேதியில் பாப் செஞ்சுரியில் உள்கதவால் இணைந்த இரண்டு அறைகளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிடுங்கள். பல தேதிகளில் இரண்டு அறைகளே மலிவாக வரும், நான்கு கட்டிலும் கிடைக்கும். இங்குள்ள லிட்டில் மெர்மெய்ட் பகுதி சாதாரண அறைகள் உணவுக் கூடத்திலிருந்து மிகத் தொலைவு, குளிரில் அந்த நடை நீளமாகத்தான் தெரியும்.

ஆல்-ஸ்டார் ஹோட்டல்கள் மூன்றும் இன்னும் மலிவு. ஆனால் எல்லாவற்றுக்கும் பஸ்தான், கூட்டம் குறைந்த காலத்தில் மூன்றுக்கும் ஒரே பஸ் வந்து நின்று நின்று போவதும் உண்டு. நான்கைந்து நாள் பயணத்தில் மிச்சமாகும் தொகைக்கு அந்தக் காத்திருப்பு ஈடாகாது என்பது எங்கள் கருத்து.

மலிவு வகையிலும் நடுத்தர வகையிலும் பெரும்பாலான அறைக்கதவுகள் வெளித் தாழ்வாரத்தில்தான் திறக்கும். இரவு பத்து மணிக்குப் பாலோ பலகாரமோ வாங்கிவரக் குளிரில் வெளியே நடக்க வேண்டும். அதனால் அறை எண் இங்கே முக்கியம். ஆன்லைன் செக்-இன் செய்யும்போது இட விருப்பத்தைக் குறிப்பிட வழியுண்டு. உறுதியில்லை என்றாலும் கேட்டு வையுங்கள். கரீபியன் பீச்சில் ஜமைக்கா பகுதியைக் கேட்டால் ஸ்கைலைனர் மையம் கூப்பிடு தூரத்தில் இருக்கும். அரூபா பகுதியிலிருந்து பக்கத்து ரிவியெரா ஹோட்டலின் ஸ்கைலைனர் நிலையத்துக்கு நடந்துவிடலாம். இந்த இரண்டு பகுதிகள் கிடைத்தால் நடுத்தர வகையில் கரீபியன் பீச்சை மிஞ்ச ஒன்றுமில்லை. தொலைவான பகுதி கிடைத்துவிட்டால் அதே ஹோட்டல் ஒரு பெரிய ஊரைப் போல நடக்க வைக்கும். நடையே வேண்டாம் என்பவர்களுக்கு போர்ட் ஆர்லீன்ஸ் ஃபிரெஞ்சு குவார்ட்டர் நல்லது. நடுத்தர வகையில் கச்சிதமானது, எந்த அறையிலிருந்தும் பஸ் நிறுத்தம் சில நிமிட நடை, கடைகளும் உணவகங்களும் நிறைந்த டிஸ்னி ஸ்பிரிங்ஸுக்குப் படகும் உண்டு.

உயர்வகை ஹோட்டல்களுக்கு மூன்று மடங்கு கொடுப்பதில் உண்மையில் என்ன கிடைக்கிறது? டிஸ்னி ஹோட்டல்களில் தங்குகிற எல்லோருக்கும் நாள்தோறும் எந்தப் பூங்காவிலும் அரை மணி முன்னதாக நுழையும் உரிமை உண்டு. மலிவு அறைக்கும் அதே அரை மணிதான். உயர்வகையில் தங்குபவர்களுக்கு மட்டும் கூடுதலாக, குறிப்பிட்ட சில இரவுகளில் குறிப்பிட்ட பூங்காவில் மூடிய பிறகு இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. பெரிய சவாரிகளில் வரிசை சுருங்கிக் கிடக்கும் நேரம் அது. பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் இதற்கு மதிப்பு அதிகம். எட்டு மணிக்குத் தூங்கிவிடும் மூன்று வயதுக் குழந்தை இருந்தால் ஒரு பயனும் இல்லை. உங்கள் தேதிகளில் அப்படி ஓர் இரவு வருகிறதா என்று பார்க்காமல் இதற்காகப் பணம் கட்டாதீர்கள்.

சிறு பிள்ளைகளுடன் போகிறவர்களுக்கு மேஜிக் கிங்டமை ஒட்டி, மோனோரயில் நின்று செல்லும் ஹோட்டல்கள் மூன்று: 1971இல் பூங்காவோடு சேர்ந்தே திறந்த கன்டெம்பரரி, பாலினேசியன், பின்னர் 1988இல் வந்த கிராண்ட் ஃப்ளோரிடியன். இவற்றில் குளிர்காலத்துக்கு கன்டெம்பரரிதான் நல்ல தேர்வு. மேஜிக் கிங்டம் வாசலுக்குப் பத்து நிமிட நடை. வாணவேடிக்கை முடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் மோனோரயிலுக்கும் பஸ்ஸுக்கும் வரிசையில் நிற்கும்போது நீங்கள் நேராக நடந்து அறைக்குப் போய்விடலாம். கோபுரக் கட்டடத்தின் வாடகை கண்ணைக் கட்டினால், அதே வளாகத்தில் உள்ள கார்டன் விங்கைப் பாருங்கள். மூன்று மாடிப் பழைய கட்டடம், காட்சி சுமார், ஆனால் அந்தப் பத்து நிமிட நடை மாறாது. பாலினேசியனின் பலம் வேறு. அங்கிருந்து டிக்கெட் மையத்துக்கு நடந்து எப்காட் மோனோரயிலில் நேரே ஏறிவிடலாம். கிராண்ட் ஃப்ளோரிடியனின் முகப்புக்கூடத்தில் இஞ்சி ரொட்டியால் ஆன ஜிஞ்சர்பிரெட் வீடு வைக்கும் ஆண்டுகளில், டிசம்பரில் அதற்காகவே கூட்டம் வரும். அதைப் பார்க்க அங்கே தங்க வேண்டியதில்லை, ஒரு மாலை போய் வந்தால் போதும்.

எப்காட் பக்கம் பீச் கிளப், யாட் கிளப் ஹோட்டல்கள் இரண்டும் பகிர்ந்துகொள்ளும் மணல் தரைக் குளத்தின் பரப்பு சுமார் 3 ஏக்கர். கோடையில் அதற்காகவே தங்கலாம். ஜனவரியில் அந்தக் குளத்துக்கும் சேர்த்து வாடகை கட்டுகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். அதே ஏரிக்கரையில் உள்ள போர்டுவாக் ஹோட்டலிலும் எப்காட்டுக்கு நடந்து போகும் வசதி இருக்கிறது, ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் இருபது நிமிட நடை. அங்குள்ள ஸ்வான், டால்ஃபின் ஹோட்டல்கள் இரண்டும் டிஸ்னி நடத்துபவை அல்ல. நீட்டித்த இரவு நேரச் சலுகை இவற்றுக்கும் உண்டு. ஆனால் ரிசார்ட் கட்டணமும் பார்க்கிங் கட்டணமும் தனி. டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் இவ்விரண்டும் இல்லை. விளம்பர விலையை அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தவறும். டிஸ்னி காட்டும் விலையிலும் வரி சேராது, பெரும்பாலான இடங்களில் 12.5 விழுக்காடு மேலே கூட்டிக்கொள்ளுங்கள்.

அனிமல் கிங்டம் லாட்ஜில் பால்கனிக்குக் கீழே ஒட்டகச்சிவிங்கி மேயும். அழகில் அதற்கு ஈடில்லை. போக்குவரத்து பஸ் மட்டும், மேஜிக் கிங்டம் தொலைவு. கடுங்குளிர் விடியலில் சில விலங்குகள் வெளியே வராமலும் போகலாம். பூங்காவுக்குப் போகாத ஓய்வு நாள் ஒன்று உங்கள் திட்டத்தில் இருந்தால் மட்டும் இங்கே தங்குங்கள். இல்லையென்றால் ஒரு மதியம் அங்குள்ள சனா உணவகத்துக்குப் போய், இந்திய வாசனையோடு வரும் நான் ரொட்டியும் சட்னி வகைகளும் சாப்பிட்டபடி கண்ணாடி வழியே விலங்குகளைப் பார்த்துவிட்டு வரலாம். சைவ உணவுக்காரர்களுக்கு இந்த வளாகத்தில் மனம் நிறையும் இடங்களில் அது ஒன்று.

முன்பதிவில் நாள் கணக்கு முக்கியம். அறையும் டிக்கெட்டும் சேர்ந்த பேக்கேஜை ரத்து செய்ய, வருகைக்கு 30 நாள் முன்பு வரை அபராதம் இல்லை. உணவக மேசைகளுக்கு 60 நாள் முன்பிருந்து பதிவு செய்யலாம். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள், வருகைக்கு 60 நாள் முன்பு அந்த ஒரே நாளில், தாங்கள் தங்கும் நாள்கள் அனைத்துக்கும், அதிகபட்சம் 10 நாளுக்கு, சேர்த்துப் பதிவு செய்துவிடலாம். வரிசையைத் தாண்டும் லைட்னிங் லேன் பாஸை டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் வருகைக்கு 7 நாள் முன்பும் மற்றவர்கள் 3 நாள் முன்பும் வாங்கலாம். கிழக்கு அமெரிக்க நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும், குளிர்காலத்தில் இந்தியாவில் அது மாலை 5.30. கிறிஸ்துமஸ் வாரத்தில் இந்த நான்கு நாள் முன்னுரிமைதான் டிஸ்னி ஹோட்டலில் தங்குவதன் மிகப் பெரிய ஆதாயம். நல்ல நேரங்கள் மற்றவர்களுக்குத் திறக்கும் முன்பே போய்விடும். கூட்டமில்லாத ஜனவரி வாரத்தில், அரை மணி முன்னுழைவை ஒழுங்காகப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தப் பாஸே தேவைப்படாத நாள்கள் உண்டு.

விமான நிலையத்திலிருந்து டிஸ்னியின் இலவசப் பஸ் 2022 ஜனவரியோடு நின்றுவிட்டது. சுமார் 30 கிலோமீட்டருக்கான வாடகைக் காரையோ கட்டணப் பஸ்ஸையோ செலவில் சேருங்கள். அறை மாலை 3 மணிக்குத்தான் கிடைக்கும், வில்லா என்றால் 4. புறப்படும் நாளில் காலை 11க்குள் காலி செய்ய வேண்டும். இரண்டு நாளிலும் பெட்டிகளை வரவேற்பில் ஒப்படைத்துவிட்டுப் பூங்காவுக்குப் போகலாம். முன்னுழைவு உரிமை வரும் நாளுக்கும் கிளம்பும் நாளுக்கும் சேர்த்தே உண்டு. ஒப்படைக்கும் பெட்டியிலிருந்து ஸ்வெட்டர்களை மட்டும் மறக்காமல் எடுத்து முதுகுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அறைச் சாவி கைக்கு வரும் முன்பே குளிர் இறங்கத் தொடங்கிவிடும்.