கெல்டெக் ஆர்எஃப்பியா, எஃப்என் ஸ்கார் 17-ஆ?

இரண்டும் 7.62×51 மி.மீ. தோட்டாவைச் சுடும் அரைத்தானியங்கி ரைஃபிள்கள். ஒன்று அமெரிக்க வடிவமைப்பு, மற்றது பெல்ஜியத்துடையது. இவ்வளவு வீரியமான தோட்டாவைக் குட்டையான துப்பாக்கியில் அடக்க இரண்டும் வேறுவேறு வழியில் போகின்றன.

நீளம்: ஆர்எஃப்பி 66 செ.மீ.தான், அதிலும் 46 செ.மீ. குழல். மேகசின் (தோட்டாக்கள் அடங்கிய கூடு) விசைக்குப் பின்னால் போய்விடுவதால் இது சாத்தியம். ஸ்காரின் குழல் சுமார் 41 செ.மீ.; தோளில் பொருத்தும் பின்கட்டையை மடித்தாலும் 70 செ.மீ. தாண்டும். மடித்த நிலையில் தோளில் வைத்துக் குறிபார்க்கவும் முடியாது.

காலி உறை: ஆர்எஃப்பி குழலுக்கு மேலுள்ள பாதை வழியாக முன்பக்கம் தள்ளுகிறது. இடக்கைக்காரர் முகத்தில் உறை அடிக்காது. அருமையான யோசனை, ஆனால் உள்ளே சிக்கினால் பார்ப்பதும் எடுப்பதும் பெரும்பாடு. ஸ்கார் வழக்கம்போல் வலப்பக்கம் வீசுகிறது. சிக்கினால் கண்ணுக்குத் தெரியும்.

எடை: கிட்டத்தட்ட சமம், மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

செலவு: ஸ்கார் கணிசமாக அதிகம், மேகசினும் அதற்கென்றே தனி. ஆர்எஃப்பி எஃப்ஏஎல் என்ற பழைய பெல்ஜிய ரைஃபிளின் மேகசினையே ஏற்கும்.

ஸ்காரின் பழைய மாடல்களில் சுடும்போது, தோட்டா ஏற்ற இழுக்கும் பக்கவாட்டுக் கைப்பிடி முன்பின்னாக ஓடும்; கட்டைவிரல் ஜாக்கிரதை.

வண்டிக்குள், இடுக்கான இடத்தில், அல்லது இடக்கையால் பயன்படுத்த ஆர்எஃப்பி. கடும் உழைப்புக்கும் விரைவான பழுதுநீக்கத்துக்கும் ஸ்கார். என் ஓட்டும் அதற்கே.